போஸ்டர் பொண்ணு

"அந்தப் போஸ்டர்ல இருக்கற பொண்ணை நாங்க கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கோம்."

ஃபோனில் திருமதி தீசன் மூக்கை உறிஞ்சினாள். கொரின் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அது வந்து... அவளுக்கு வீடு இருக்குங்க."

"அப்பாடா! யாரு வீட்ல?"

"எங்க வீட்லதான். அது என் பொண்ணு டெஸ்ஸா."



"உங்க பொண்ணா? அந்த மூஞ்சியைப் பாத்துட்டு ராத்திரி பூரா நான் தூங்கலைம்மா!"

டொக்.

தப்பு கொரின் மேல்தான்.

பெற்றவர்களோடு இருக்க முடியாமல் போன பிள்ளைகளைக் கொஞ்ச காலம் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் குடும்பங்கள் வேண்டும். கனடாவில், மானிடோபா மாகாணத்தின் அந்தச் சின்ன ஊருக்கு இதை உறைக்கிற மாதிரி சொல்ல ஒரு குழு. கொரின் அதன் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் கூட்டத்துக்குச் சீக்கிரமே போய் நாற்காலி எடுத்துப் போட்டாள், அப்படியே அதில் உட்கார்ந்துவிட்டாள்.

போஸ்டருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. நிஜமாகவே காத்திருக்கும் பிள்ளைகளின் படத்தைப் போடச் சட்டம் விடாது.

"உங்க படத்தையே போட்டுடலாமே?" என்றாள் படமெடுக்க வந்த ஜோலீன்.

"என் மூஞ்சியைப் போட்டா, வர்றதா இருக்கற குடும்பமும் ஓடிடும்" என்று சொல்லிவிட்டு, மகளைக் கொண்டுபோய் நிறுத்தினாள் கொரின்.

டெஸ்ஸாவுக்குப் பதினொரு வயது. வாயைத் திறந்தால் சிரிப்பு.

"சோகமா இருடீ. பெரிய கஷ்டம் எதையாவது நினைச்சுக்கோ."

"கணக்குப் பரீட்சையை நினைக்கட்டுமா?" என்று கேட்டு அதற்கும் சிரித்தாள்.

ஆனால் ஜோலீன் அனுப்பிய படங்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. அந்தக் கண்களைக் கொரினே இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தாள். 'உங்கள் வீட்டில் இவளுக்கு இடம் இருக்குமா?' என்று கீழே எழுதி அச்சடித்துவிட்டாள்.

"எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த நடிப்பு" என்று கணவன் டுவெய்னிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தாள்.

மளிகைக் கடை, தபால் நிலையம், ஐஸ் ஹாக்கி அரங்கம் என்று போஸ்டர் ஒட்டிய மறுநாளே ஃபோன் அலற ஆரம்பித்தது. வயல்பக்கத்து வீட்டில் வளரும் டெஸ்ஸாவை ஊரில் பலருக்கு அடையாளம் தெரியவில்லை; பாதிப் பேருக்கு அவள் வேண்டுமாம்.

எல்லோரிடமும் கொரின் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். "ஆனா நிஜமாவே ரெண்டு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. அண்ணன், தம்பி. பெரியவனுக்குப் பதினஞ்சு."

"பதினஞ்சா? எங்க நாய்க்கு ஆம்பளைப் பசங்களைக் கண்டாலே ஆகாதுங்க."

"வீட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்றேன்." இப்படிச் சொன்ன அம்மாளின் வீட்டுக்காரர் போன வருஷமே போய்ச் சேர்ந்தது ஊருக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது கொரின் கொதித்துக்கொண்டிருந்தாள். டுவெய்ன் இன்னும் வயலிலிருந்து வரவில்லை. கேட்க டெஸ்ஸா மட்டும்தான்.

"அம்மா, இன்னிக்கு ஸ்கூல்ல என்னாச்சு தெரியுமா..."

"இரு, இதைக் கேளு. எல்லாருக்கும் அழகான மூஞ்சி வேணும்டீ. போஸ்டரைப் பாத்து அழுவாங்க. வளர்ந்த பையனோட உக்காந்து ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிப் பாரு, உடனே வேலை வந்துடும்! இவங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

டெஸ்ஸா தலையாட்டினாள்.

"நானும் ஒரு மடச்சி. உன்னைப் போய் நிக்க வெச்சேன் பாரு. ஆமா, அன்னிக்கு அந்த மூஞ்சியை எப்படிடீ..."

ஃபோன் அடித்தது.

"ஒரு நிமிஷம்டா கண்ணு" என்று எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.

நார்பர்ட். ஹாக்கி அரங்கத்தில் ஐஸ் தரையை வழித்து வழவழப்பாக்கும் வண்டி ஓட்டுகிறவர்.

"போஸ்டர்ல இருக்கறது உங்க பொண்ணாமே? சரி, பரவால்ல. வேற யாரு இருக்காங்க?"

கொரின் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பசங்க நல்லா சாப்பிடுவாங்களா?"

"பதினஞ்சு வயசுங்க. தட்டையும் சேத்துத் தின்னுடுவான்."

"அப்பச் சரிம்மா. எங்க பிள்ளைங்க எல்லாம் வெளியூர் போயாச்சு. என் பொண்டாட்டி இன்னும் பத்துப் பேருக்குத்தான் சமைக்கிறா. நாங்க என்ன செய்யணும், சொல்லு."

கொரின் சொன்னாள். பயிற்சியைச் சொன்னாள், வீட்டைப் பார்க்க வருகிறவர்களைச் சொன்னாள், கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். கடைசியில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

திரும்பி வரும்போது கிட்டத்தட்ட ஆடிக்கொண்டே வந்தாள். மேசையில் மக்ரோனி ஆறி விறைத்திருந்தது.

"அடிச்சோம்டீ! ஒரு வீடு கிடைச்சாச்சு! எல்லாம் உன் நடிப்பாலதான். ம், என்ன கேட்டுக்கிட்டிருந்தேன்? அந்த மூஞ்சியை எப்படி வரவழைச்ச? எதை நினைச்சுக்கிட்ட?"

"எதையும் நினைக்கலம்மா." டெஸ்ஸா முள்கரண்டியால் மக்ரோனியை ஒரு ஓரமாகத் தள்ளினாள். "அன்னிக்கும் ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு நீ ஃபோனை எடுத்துக்கிட்டு வெளிய போனியே... நீ வருவேன்னு சும்மா கதவைப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்பதான் அந்த ஆன்ட்டி படம் எடுத்தாங்க."