பதினாறாவது கேள்வி

வீடற்றோர் தங்குமிடத்து அலுவலக அறையில் காலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. வீட்டு விண்ணப்பத்தின் கணக்கு விசித்திரமானது: 'முடியாது' என்ற ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு புள்ளி. இருபது சேர்ந்தால் ஓர் அறையும் சாவியும் கிடைக்கும். குறைந்தால் மறுபடி வரிசை. விண்ணப்பிக்க வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவளுக்குப் பொய் சொல்லாமலே பதினெட்டு வந்துவிட்டது. பதினாறாவதுதான் கடைசிக் கேள்வி: பிறர் உதவியின்றி உங்களைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

"முடியாதுன்னு சொல்லிடுக்கா. ஒரே வார்த்தை," என்று கெஞ்சுகிறாள் அலுவலகப் பெண்.

"நாலு வருசம் தெருவுல என்னைப் பார்த்துக்கிட்டது யாரு? இந்தக் கேள்வியை எழுதினவனா?" அவள் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து விண்ணப்பத்தின் மேலேயே வைக்கிறாள். அடியில் ஆணியால் குத்திய ஏழு ஓட்டைகள். ஈரம் அவற்றின் வழியே வடிந்துவிடுவதால் உள்ளே சோப்பு கரைவதில்லை; ஒரு கட்டி ஒரு மாதம் வருகிறது. "உன் வீட்டு சோப்பு எத்தனை நாளும்மா வருது?"

"பத்து நாள் வந்தா பெருசுக்கா."

"அப்ப உனக்குத்தான் புள்ளி போடணும். எனக்கு முடியும்னே எழுது."

மின்விசிறி கிறீச்சிடுகிறது. பேனா 'முடியும்' கட்டத்தில் அழுந்துகிறது. பிறகு அலுவலகப் பெண் தாளைத் திருப்புகிறாள். பின்பக்கத்தில் 'பணியாளர் குறிப்பு' என்று ஐந்து வெற்றுக் கோடுகள். காரணம் எழுதிக் கையெழுத்திட்டால் இரண்டு புள்ளி தரலாம். மேலிடம் கேட்டால் எழுதியவரே பதில் சொல்ல வேண்டும் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. அவள் எழுதுகிறாள்: "இவரால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியும். வீடு மட்டும்தான் இல்லை." கீழே தன் முழுப்பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதுகிறாள்.