கரிநாளில் வந்த கழுத்து

செஞ்சி தாலுக்காவில் திரும்பாத கழுத்து என்று ஒன்று கிடையாது. அப்படி ஒன்று இருந்தால், அது இன்னும் செல்லப்பனிடம் வரவில்லை என்று அர்த்தம். இதைச் செல்லப்பனே சொன்னார், சொல்லும்போது சிரிக்கவில்லை.

தலைக்கு முன்னால் கால் வந்து பிறந்தவர் அவர். அந்தக் கால் பட்டால் சுளுக்கு ஓடிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. காலையிலிருந்து இருபது கழுத்து, ஏழு இடுப்பு. கால் அசந்துபோயிருந்தது, வாய் அசரவில்லை. தெருமுனைக் கல்யாண மண்டபத்து நாயனத்துக்கு மேலே குரலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னா பண்ணுவாங்க? விழுப்புரத்துக்கு எழுதிக் குடுப்பாங்க. ஆள அனுப்பி வைக்கறதுக்கு டாக்டரு எதுக்கு? தபால்காரரு போதும்."

வரிசை சிரித்தது. சிங்கவரத்திலிருந்து வந்திருந்த ஜெயசுதா மட்டும் சிரிக்கவில்லை. அவள் தூங்கி மூன்று ராத்திரி ஆகிறது. மடியில் நாலு வயது மகன் எழில், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி.

"கோணலா படுத்துட்டான் போல, பெரிப்பா. சுளுக்கிக்கிச்சு. காய்ச்சல் வேற அடிக்குது."

"கொண்டா இப்படி. ஒரு நிமிஷ வேல." செல்லப்பன் எண்ணெய்க் கிண்ணத்தில் விரலை நனைத்தார். "எழிலு, தாத்தாவப் பாருடா."

பையன் தலையைத் திருப்பவில்லை. உடம்போடு சேர்த்துத் திரும்பினான். வாய்க்குள் சுடுஇட்லி இருப்பதுபோல ஏதோ குழறினான். ஜெயசுதாவின் முந்தானை ஈரமாக இருந்தது.

"எச்சிலு எப்பலேருந்து வடியுது?"

"காலைலேருந்து. தண்ணி குடுத்தாலும் முழுங்க மாட்டேன்றான்."

எண்ணெய் விரல் கழுத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. செல்லப்பன் அதைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு கரிநாளு. பச்சப்புள்ள மேல கரிநாள்ல காலு படக்கூடாது. நாளு பாத்து வர மாட்டியா?"

"நாளைக்கு வரட்டா, பெரிப்பா?"

"வா. அதுவரைக்கும் சும்மா இருக்காம ஆஸ்பத்திரில ஒருவாட்டி காட்டிடு. இப்பவே போ. கழுத்த எவனையும் தொட வுடாத. படுக்க வைக்காத, மடிலயே உக்கார வச்சிக்க." வாசலில் நின்ற ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார். "பாலமுரளி, நேரா பெரியாஸ்பத்திரி. நடுவுல டீக்கு நிக்காத."

பிறகு வரிசையைப் பார்த்தார். "அடுத்த கழுத்து யாரு?"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு அது டூட்டியில் இருபத்தாறாவது மணி நேரம். எழிலின் வாய் பாதிதான் திறந்தது. மேலோட்டமாக டார்ச் அடித்துப் பார்த்தவர் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"இது சுளுக்கு இல்லம்மா. தொண்டைக்குப் பின்னால சீழ் கட்டியிருக்கும்னு தோணுது. ஸ்கேன் எடுக்கணும், விழுப்புரத்துக்கு எழுதறேன். நானும் கூட வரேன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா மூச்சே அடைச்சிருக்கும். கழுத்த யாராவது திருப்பினாங்களா?"

"இல்லீங்க. சுளுக்கு எடுக்கறவருகிட்டதான் போனேன். இன்னிக்கு கரிநாளுன்னு தொடவே இல்லீங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. டாக்டரம்மா சிவந்த கண்களைத் தூக்கி, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"இன்னிக்கு முகூர்த்த நாளாச்சேம்மா."