முப்பத்தொன்றால் வகுத்தல்

பிறந்தவுடன் அரசு தரும் நாற்பது இலக்க எண்ணை வைத்துத்தான் கல்யாணப் பொருத்தம் பார்ப்பார்கள். இருவர் எண்ணுக்கும் ஒன்றைத் தவிர வேறொரு பொதுக்காரணி இருக்க வேண்டும். நிறைமதியின் எண் பகா எண் என்று ஆஸ்பத்திரி இயந்திரம் அன்றே சொல்லிவிட்டது. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணுக்கு யாரோடு பொருத்தம் வரும்? தானாக விரும்பி வந்த சேந்தனையும் அவன் வீட்டார் தடுத்துவிட்டார்கள். இயந்திரம் சொன்ன பிறகு யாரும் வகுத்துப் பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டு வயதில் அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். பகா எண் பாடத்துக்கு ஆண்டுதோறும் தன் எண்ணையே பலகையில் எழுதுவாள். பிள்ளைகள் ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று வகுக்கச் சொல்லிவிட்டுச் சலித்துப்போவார்கள்.

இந்த ஆண்டு கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி விடவில்லை.

"முப்பத்தொண்ணு போட்டுப் பாருங்க டீச்சர்."

"உனக்கு வேற வேலையே இல்லையாடி?" என்று சிரித்துக்கொண்டே வகுத்தாள். மீதி பூஜ்யம் வந்தது. மறுபடியும் வகுத்தாள். வகுப்பு கைதட்டியது.

இடைவேளையில் அம்மாவை அழைத்தாள்.

"மெஷின் தப்பாச் சொல்லியிருக்கும்மா. என்னோடது பகா எண்ணே இல்ல. முப்பத்தொண்ணால போகுது." கொஞ்சம் தயங்கினாள். "சேந்தன் எண்ணும் போகுது. இப்பத்தான் போட்டுப் பார்த்தேன்."



"யார்கிட்டயும் சொல்லிடாதடி," என்றாள் அம்மா. "எண்ணு சரியில்லன்னு சொல்லித்தான் இத்தன வருஷம் ஊர் வாய அடைச்சேன். எண்ணு நல்லாத்தான் இருக்குன்னா, அப்ப உங்க பொண்ணுக்கு வேற என்ன கொறைன்னு கேப்பாங்களே."