ஆயிரம் மீட்டர் பலகை

"கசியான், நீ பனியப் பாக்குறியா, என்னப் பாக்குறியா?"

இடுப்பளவுக் குழிக்குள் நின்றபடி நோட்புர்கா அதட்டினாள். கட்டின பெண்டாட்டிகூட இப்படி அதட்ட மாட்டாள்.

"பனியத்தான். நீ தட்டு, நான் எண்றேன்," என்றான் கசியான். சுத்தப் பொய்.

குழிச் சுவரில் தூண் போல அறுத்து நிறுத்திய பனியின் தலையில் பனி அள்ளும் ஷவலை வைத்து அவள் தட்டினாள். முதலில் மணிக்கட்டால், அப்புறம் முழங்கையிலிருந்து, கடைசியில் தோளிலிருந்தே கையை வீசி. தூண் அசையவில்லை.

"எத்தனை தட்டு?"

"பதினெட்டு... இல்ல, இருபத்தெட்டு?"

"மருந்துக்கடையிலயும் இப்படித்தான் மாத்திரை எண்றியா? ஊர்ல ஜனங்க உசுரோட இருக்கறதே அதிசயம்!" சிரித்தாள். "புதுப் பனி பழசோட நல்லா ஒட்டிக்கிச்சு. சரிவு வராது. ரோட்டத் திறந்து விடலாம்."

ஊரின் பனிச்சரிவுக் குழு என்பது இவர்கள் இருவரும்தான். பனி கொட்டி ஓய்ந்ததும் மலையேறிப் பார்த்துவிட்டு, அடைத்து வைத்த பள்ளத்தாக்குச் சாலையைத் திறக்கலாமா என்று மேயருக்குச் சொல்ல வேண்டும். தச்சுப் பட்டறை வைத்திருக்கும் நோட்புர்கா குழுவுக்குத் தலைவி.

டிரோல் மலைகளில் ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் யாருக்கும் யாரும் 'நீ'தான், மேயரே வந்தாலும். ஓடையோரம் '1000 மீ' என்று ஒரு பலகை உண்டு. அதைத் தாண்டி இறங்கிவிட்டால் மறுபடி 'வாங்க, போங்க'. கீழேயும் 'நீ' போட்டுப் பேச வேண்டுமானால் வயதில் மூத்தவர்தான் அதை ஆரம்பிக்க வேண்டும். நோட்புர்கா அவனைவிட இரண்டு வயது பெரியவள்.

கசியானுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. ஊருக்குள் ஒரே ஒரு தடவை அவள் வாயிலிருந்து 'நீ' வந்துவிட்டால் போதும், கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவான். இரண்டு குளிர்காலமாகக் காத்திருக்கிறான். அவளோ பலகை வந்ததும், "சரிங்க, அப்புறம் பாக்கலாங்க" என்று கறாராகப் போய்விடுவாள்.

காட்டு வழியாக ஏறியவர்கள் ஓடை வழியாகச் சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் கசியான் சட்டென்று நின்றான்.

"ஐயோ, பலகையக் காணோம்!"

கம்பு மட்டும் நேராக நின்றது. அதில் நாலு திருகாணி ஓட்டைகள்.

"நேத்து மத்தியானம்கூட இருந்துச்சே! ராத்திரி பனிச்சரிவு வந்து அடிச்சுட்டுப் போயிருக்கு. நம்ம கணக்கு தப்பு! ரோட்டத் திறக்கவே கூடாது, நீ... நீங்க... அட, பலகை இல்லாம எப்படிக் கூப்பிடறதுன்னே தெரியலையே!"

எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கும் நோட்புர்கா இப்போது வாதாடவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எங்க வீட்டு வாசல்ல போய்ப் பேசிக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் சறுக்கினாள்.

அன்று மாலை முகமூடித் திருவிழா. பக்கத்து ஊர் ஜனமெல்லாம் அந்தச் சாலையில்தான் குழந்தை குட்டியோடு வரும். அவள் வீடு வந்து சேர்வதற்குள் போனை எடுத்து மேயரைக் கூப்பிட்டே விட்டான்.

"மேயர் ஐயா, பெரிய ஆபத்து! சரிவு வந்திருக்கு. பலகையே போயிடுச்சு..."

பேசிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான். நோட்புர்காவின் வாசற்கதவுக்கு மேலே '1000 மீ' பலகை. நாலு திருகாணியும் புத்தம் புதுசு.

"ஹலோ? ஹலோ? எவ்வளவு பெரிய சரிவுங்க?" போனில் மேயர் அலறினார்.

நோட்புர்கா அவன் கையிலிருந்து போனை வாங்கினாள். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. குரல் மட்டும் குழுத் தலைவியின் குரல்.

"ரோட்டத் திறங்க, மேயர் ஐயா... கசியான், நீ உள்ள வா."