ஃபைனலுக்கு மட்டும் புதுப்பந்து

வலைப்பையில் கிடந்த பழைய கூடைப்பந்து கத்தியது: "முப்பது லீக் ஆட்டம் என்னை வெச்சு ஆடினாங்க. இருபத்தெட்டுல ஜெயிச்சாங்க. ஃபைனலுக்கு மட்டும் புதுசா? என்ன நியாயம்டா இது?"

கண்ணாடி அலமாரியில் குங்குமப் பொட்டோடு இருந்த ஃபைனல் பந்து சிரித்தது. "லீக்கை எவன் ஞாபகம் வெச்சிருக்கான் பெருசு? கோப்பை என்னாலதான் வந்துச்சு."

"அந்த இருபத்தெட்டு இல்லேன்னா நீ டப்பாவை விட்டே வெளிய வந்திருக்க மாட்டே!"

அதற்குள் கேப்டன் பயிற்சிக்கு வந்தாள். அலமாரியைத் தாண்டிப் போய்ப் பழைய பந்தை எடுத்துத் தரையில் தட்டினாள்.

"என்னையும் ஒரு தடவை தட்டச் சொல்லேன்," என்றது ஃபைனல் பந்து.

"உன்னைப் பூட்டி வெச்சாச்சு. பின்னாடி திரும்பிப் பாரு. போன வருஷ ஃபைனல்காரன் காத்து இறங்கிக் கிடக்கான். அவனும் இதேதான் கேட்டான்!" என்று கத்திக்கொண்டே துள்ளிப் போனது பழைய பந்து.