ஐம்பது குரோஸ்

"ஏழாயிரத்து எறநூறா? மேடம், உங்க காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைகளே அறுபது பேருதான்!"

பிரபாகரன் தாளை மேசையில் வீசினான். அவன் மல்லாங்கிணறு பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியின் நூலகர். எதிரே இருந்த செல்வலட்சுமி, சிவகாசியில் ஒரு பெண்கள் கல்லூரியின் நூலகர்.

"எங்க பிள்ளைக படிக்குதுக. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?" என்றாள் அவள்.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் ஜெய்லானி. விருதுநகரில் ஒரு கல்லூரியில் இருபது வருஷமாக நூலகர். கம்ப்யூட்டரில் படிக்கும் ஆராய்ச்சி இதழ்களை மூன்று கல்லூரிகளும் கூட்டுச் சேர்ந்து வாங்குவது என்று ஆரம்பித்து, அந்தக் கூட்டுக்கு அவரைத் தலைவராகவும் உட்கார வைத்துவிட்டார்கள். கூட்டுச் சேர்ந்தும் ஒரு தொகுப்புக்குத்தான் பணம் தேறியது. கெமிஸ்ட்ரியா, மேனேஜ்மென்ட்டா? ஜனவரி மாதம் முழுக்க இரண்டையும் இதழ் விற்கும் கம்பெனி இலவசமாகத் திறந்துவிட்டது. எதிலிருந்து அதிகக் கட்டுரைகள் டவுன்லோடு ஆகிறதோ, அதை வாங்குவதென்று பேச்சு.

செல்வலட்சுமிக்குக் கெமிஸ்ட்ரி வந்தே ஆகவேண்டும். எல்லாம் முத்துப்பேச்சிக்காக. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் சோலைச்சாமியின் மகள். உரசினாலும் சட்டென்று பற்றிக்கொள்ளாத மருந்துக் கலவை பற்றி அந்தக் கல்லூரியிலேயே பிஎச்.டி. செய்கிறாள். ஒவ்வொரு கட்டுரைக்கும் மதுரைக்குப் பஸ் ஏறி, ஜெராக்ஸ் எடுத்து வரவேண்டும். அவள் வாடிப்போய் வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் செல்வலட்சுமிக்கு மனசு கேட்காது.

"சார், தேதி வாரியாப் பாருங்க" என்றான் பிரபாகரன். "மூணாந்தேதி எறநூத்தி எம்பத்தெட்டு. நாலாந்தேதி நானூத்தி முப்பத்திரெண்டு. ஏழாந்தேதி நூத்தி நாப்பத்திநாலு. இது என்ன கணக்கு?"

ஜெய்லானி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தீப்பெட்டி ஒட்டும் ஊரில் இந்த எண்ணை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நூற்று நாற்பத்து நான்கு பெட்டி, ஒரு குரோஸ்.

"ஏம்மா, எல்லாம் குரோஸ் கணக்கா இருக்கே! மொத்தமும் கரெக்டா அம்பது குரோஸ். படிக்கிற பிள்ளை நூத்தி நாப்பத்தஞ்சாவதைத் தொடவே தொடாதா?"

செல்வலட்சுமிக்குப் பொய் சொல்ல வரும். சொன்ன பொய்யைக் காப்பாற்றத்தான் வராது.

"ஒரு குரோஸ் இறக்குனா எல்லாருக்கும் டீயும் வடையும்னு சொன்னேன் சார். வீட்ல தீப்பெட்டி ஒட்டுற பிள்ளைக. குரோஸ் நெறஞ்சதும் பழக்கத்துல கையை எடுத்துருச்சுக."

பிரபாகரன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப மேனேஜ்மென்ட்தான். ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். கையெழுத்தப் போடுங்க சார்."

"இருங்க தம்பி." செல்வலட்சுமி தாளைப் பிடுங்கி விரலை ஓட்டினாள். "பொங்கல் லீவு மூணு நாளும் உங்க காலேஜ்ல ஆயிரத்து எழுநூறு இறங்கியிருக்கு. பிள்ளைக கரும்பு கடிச்சுக்கிட்டே வந்து படிச்சாகளாக்கும்?"

சிரிப்பு பாதியில் நின்றது. "எங்க செகரட்டரி மகன் எம்.பி.ஏ. படிக்கான் மேடம். மேனேஜ்மென்ட் வரலைன்னா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு. நானும் என் வீட்டுக்காரியும்தான் உக்காந்து அமுக்குனோம். அவ இன்னும் என்கூடப் பேச மாட்டேங்கா."

ஜெய்லானி தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க காலேஜ்ல மொத்தமே ஒன்பது. அதுலயும் நாலு, திறக்குதான்னு நான் தொட்டுப் பார்த்தது."

கடைசியில் ஜெய்லானி நிமிர்ந்தார்.

"ரெண்டுமே கள்ளக் கணக்கு. இருந்தாலும் அந்தம்மா கள்ளக் கணக்கு முந்நூறு கூட இருக்கு. கெமிஸ்ட்ரியே வாங்குவோம். ஆனா அம்புட்டுப் படிக்கிற காலேஜ்தான் பாதிப் பணம் கட்டணும். மிச்சத்த நாங்க ரெண்டு பேரும் பிரிச்சுக்கிடுதோம். சம்மதமா?"

பாதிப் பணம் என்றால் இந்த வருஷம் அவள் நூலகத்துக்கு வேறு ஒரு புத்தகம்கூட வாங்க முடியாது. பிரின்சிபால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். செல்வலட்சுமி முத்துப்பேச்சியை நினைத்துக்கொண்டாள்.

"சம்மதம் சார்."

கையெழுத்துப் போட்ட கையோடு வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தாள். சந்தோஷத்தில் குரல் எகிறியது.

"முத்துப்பேச்சி! கெமிஸ்ட்ரி நமக்குக் கிடைச்சிருச்சு! இனிமே நீ மதுரைக்கு அலைய வேண்டாம். எல்லாம் நம்ம லைப்ரரியிலயே எடுத்துக்கலாம்."

"ரொம்பச் சந்தோசம் மேடம். பின்னால வர்ற பிள்ளைகளுக்கு ஆகும்." பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே முத்துப்பேச்சி கத்தினாள். "எனக்கு வேண்டியது எல்லாம் முடிஞ்சு போச்சு. கடைசிப் பேப்பரை இப்பத்தான் மதுரையில ஜெராக்ஸ் எடுத்தேன். போன மாசம் மட்டும் பதினோரு தடவை வந்துட்டேன்."

"என்னம்மா சொல்லுத? போன மாசம் பூராவும் நம்ம லைப்ரரியில சும்மாவே திறந்து கெடந்துச்சே! வந்து எடுத்திருக்கலாம்ல?"

"ஒவ்வொரு தடவையும் வந்து வாசல்ல நின்னு பார்த்துட்டுத்தான் பஸ் ஏறுவேன் மேடம். நாலு கம்ப்யூட்டர்லயும் காலையில இருந்து சாயங்காலம் வரை நம்ம பிள்ளைகதான். அம்புட்டு ஆசையாப் படிக்குற பிள்ளைகள எந்திரின்னு சொல்ல எனக்கு மனசு வரல."