நாற்பத்தொன்பதாம் பக்கம்

முத்திரை ஜெயசெல்வியின் கையில்தான் இருந்தது. இன்னும் அழுத்தவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மாரீஸ்வரி நின்றாள். மூச்சு இரைத்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் தட்டைக்கூட எடுக்காமல் ஓடி வந்திருக்கிறாள்.

"அதுல குத்திராதீங்க டீச்சர்."

'கழிவு செய்யப்பட்டது.' முத்திரையில் இருப்பது அவ்வளவுதான். அது ஒருமுறை விழுந்துவிட்டால் புத்தகம் பழைய தாள் மூட்டைக்குள் போய்விடும். மூட்டையைத் தூக்க நாளைக் காலை ஆள் வருகிறது.

ஜெயசெல்வி ஓவிய ஆசிரியை. படம் வரைகிறவளுக்கு வேறென்ன வேலை என்று பள்ளி நூலகத்தையும் அவள் தலையில் கட்டிவிட்டார் தலைமையாசிரியர். கட்டியதுதான் கட்டினார், கரையானையும் சேர்த்தே கட்டினார்.

எல்லாம் அந்தக் கரையான் செய்த வேலை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அது இரண்டு புத்தகங்களை அரைகுறையாகத் தின்றிருந்தது. ஒன்று கதைப் புத்தகம். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த அம்மாவை ஒரு சிறுமி ஊர் ஊராகத் தேடிப் போகிறாள். அதில் பின்பாதி காலி. மற்றது தேனீ வளர்க்கச் சொல்லித்தரும் புத்தகம். அதில் முன்பாதி காலி.

மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று பைண்டிங்குக்கு அனுப்பினாள். தனித்தனியாகக் கட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒரே சணலில் கட்டிவிட்டாள். பைண்டர், புண்ணியவான், ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்துவிட்டார்.

நாற்பத்தெட்டாம் பக்கத்தில் சிறுமி ஒரு தோப்புக்கு வந்து சேர்கிறாள். பொழுது சாய்கிறது. அம்மாவைக் காணோம்.

நாற்பத்தொன்பதாம் பக்கம் இப்படித் தொடங்குகிறது: 'பெட்டியை எப்போதும் நிழலில் வைக்க வேண்டும்.'

பக்க எண்கூடப் பொருந்தித் தொலைத்தது.

அடக் கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டு, அதை அலமாரியின் கீழ்த்தட்டில் செருகினாள். இதைப் போய் யார் எடுக்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

மாரீஸ்வரி எடுத்தாள்.

எடுத்தாள், கொடுத்தாள், மறுபடியும் எடுத்தாள். பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் பதினோரு முறை அவள் பெயர்தான். வேறு ஒரு பெயர் இல்லை.

விடுதிப் பிள்ளை. அம்மா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது. அப்புறம் மாதத்துக்கு ஒன்று. இப்போது அடித்தால், அப்படி ஓர் எண்ணே இல்லை என்று ஒரு குரல் சொல்கிறது.

அதற்காகத்தான் ஜெயசெல்வி அலையாய் அலைந்தாள். மூன்று ஊர்ப் புத்தகக் கண்காட்சிகளில் தேடி, அந்தக் கதையின் முழுப் பிரதி ஒன்றைப் பிடித்துவிட்டாள். பேருந்திலேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

அம்மா கிடைத்துவிடுகிறாள்.

அந்தப் பிள்ளைக்கு இது தெரிய வேண்டும் என்று அவளுக்கு அத்தனை ஆசை. போன வெள்ளிக்கிழமை புத்தகத்தை நீட்டும்போது ஏதோ தன் வீட்டுப் பிள்ளைக்குத் தீபாவளித் துணி எடுத்துக் கொடுப்பதுபோல் இருந்தது.

நல்ல பிரதி வந்துவிட்டால் கெட்டதைக் கழிக்க வேண்டும். அது விதி. இன்று கழிவு நாள்.

"முழுசாப் படிச்சியா?"

"படிச்சேன் டீச்சர். அம்மா கெடச்சுர்றாக."

"நல்லதுதானம்மா?"

"நல்லதுதான்."

மாரீஸ்வரி புதுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பழசு வேணும் டீச்சர்."

ஜெயசெல்விக்குச் சுருக்கென்றது. இனியும் மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? முத்திரையைக் கீழே வைத்தாள். அது ஒரு புத்தகமே இல்லை, இரண்டு என்றாள். தப்பு செய்தது நான்தான் என்றாள். அந்தச் சிறுமிக்கும் தேனீக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்றாள்.

"தெரியும் டீச்சர். எழுத்தே வேற மாதிரி இருக்கும்ல."

கோபமில்லை. ஏமாற்றமும் இல்லை. ஒரு டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோலத்தான் சொன்னாள்.

"ஆனா பழசுல அவ சும்மா அழுதுக்கிட்டே உக்காந்திருக்கல. தேனீ வளக்குறா. அம்மா வாரப்பக் குடுக்கத் தேன் இருக்கும்ல டீச்சர்."

ஜெயசெல்வி கழிவுப் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தாள்.

பேனாவை எடுத்தாள். அதில் அந்த ஒரு வரியை அடித்தாள். விதி கிடக்கிறது விதி. தலைமையாசிரியர் கேட்டால் கேட்கட்டும்.

பழைய சீட்டில் இடம் தீர்ந்திருந்தது. அதன்மேல் புதிதாக ஒன்றை ஒட்டி, முதல் வரியில் மாரீஸ்வரி என்று எழுதினாள். பசை காயும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

மாரீஸ்வரி பழைய புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். புதியதை மேசைமேல் வைத்தாள். மடங்கியிருந்த ஓரத்தை விரலால் நீவிவிட்டாள்.

"இத சின்னப் பிள்ளைக படிக்கட்டும் டீச்சர்."

சொல்லிவிட்டுச் சாப்பிட ஓடினாள்.

ஏழாம் வகுப்பு. ஆடி வந்தால்தான் பன்னிரண்டு வயது முடிகிறது.